வெயிலில் வைத்த மூன்று பேட்டரிகள்

ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்ற வேண்டும்; ஆனால் அது ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. ஹைதராபாத் நாச்சாரத்தில் ஏழெட்டு வருஷம் நான் பார்த்த வேலை அதுதான்.

கடிகாரம் என்றால் சுவரில் மாட்டுகிறது இல்லை. முள் கிடையாது, சத்தம் கிடையாது. ஃபாக்டரி மிஷின்களுக்குள்ளே பச்சை நிறத்தில் ஒரு கார்டு இருக்கும். பூச்சி மாதிரி காலை ஊன்றிக்கொண்டு கறுப்புக் கறுப்பாக நிறைய சில்லு அதில் உட்கார்ந்திருக்கும். அதில் ஒன்றுக்குள்தான் கடிகாரம். பக்கத்திலேயே விரல்கணு அளவுக்கு ஒரு பேட்டரி. ஃபாக்டரியில் கரண்ட் போனால் அந்தப் பேட்டரிதான் கடிகாரத்தை ஓட வைக்கும். கடிகாரத்தை மட்டும் இல்லை, மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு எல்லாவற்றையும், எத்தனை சூடு, எத்தனை நேரம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம், மறக்காமல் வைத்திருக்கும். மூன்று நான்கு வருஷத்தில் அது சோர்ந்துவிடும். சில பேட்டரி கசிந்து, மயில்துத்தம் போல நீலமாக உப்புப் பூத்திருக்கும். சாவதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.

மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு சின்னப் பெட்டியில் மூன்று பென்சில் பேட்டரி போட்டு, அதன் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் முதலில் கார்டில் கிளிப் போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய பேட்டரியின் ஈயத்தை உருக்கிக் கழற்றுவது. புதியதை வைத்து ஈயம் போட்ட பின் கிளிப்பை எடுக்கலாம். ஒரு ஆள் சுமையை இறக்குவதற்குள் இன்னொரு ஆள் தோள் கொடுப்பது மாதிரி என்று கடையை நடத்திய ஸார் சொல்லிக் கொடுத்தார்.

எனக்கு அந்த வேலையே பயம். வீட்டில் பல்பு மாற்றுவதென்றால்கூட மெயினை அணைத்தாயிற்றா என்று மூன்று தடவை கேட்கிறவள் நான். இங்கே உயிர் இருக்கிற கார்டில், ஈயம் உருக்குகிற அயர்னைக் கொதிக்கக் கொதிக்க வைக்க வேண்டும். கைக்கு ஒன்றும் ஆகாது, சின்ன பேட்டரிதானே என்று ஸார் சொல்வார். பயம் கைக்காக இல்லை. அத்தனை பெரிய மிஷினுடைய ஞாபகம் என் இரண்டு விரலுக்கு நடுவில் இருக்கிறதே என்பதற்காக.

நான் அரக்கோணத்தில் ஐந்தாவது வரை படித்தவள். வீட்டுக்காரருக்கு சனத்நகரில் லேத் பட்டறையில் வேலை என்று ஹைதராபாத் வந்தோம். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட்டில் ஊக்கு தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டறை மூடின வருஷம், தெரிந்தவர் சொல்லி, ஸாரிடம் கார்டு கழுவச் சேர்ந்தேன். அப்போதே எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் என்று பேச்சாகக் கிடந்த காலம். ஸார் ஒரு பெரிய கம்பெனியை விட்டு வந்து, இரண்டு ரூமில் கார்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்து நான் கழுவுகிறதைப் பார்த்து, "உங்க கை ஆடலையே அம்மா" என்று அயர்னைக் கொடுத்துவிட்டார். மெட்ராஸில் படித்தவர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். ஒரு நாளும் அதட்டிப் பேசியதில்லை.

அப்படியும் அவரிடம் எனக்கு வாய் வராது. அவரிடம் என்று இல்லை, யாரிடமும். கேட்டதற்குத் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். பக்கத்து மேஜையில் வேலை செய்தவள் ஹைதராபாத்துக்காரி, என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் எல்லாரும் ஆப்பா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். உன் வாயில் இருந்து ஒரு வார்த்தை எடுக்க வேண்டுமென்றால் சிவப்புக் கிளிப் ஒன்று, கறுப்புக் கிளிப் ஒன்று போட வேண்டும் என்பாள். பெட்டியில் போடுகிற பென்சில் பேட்டரி சோர்ந்துவிட்டால் அவள் உட்கார்ந்த இடத்தில் இருந்தே, "ஸார், செல்" என்று சத்தம் போடுவாள். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து கொடுத்துவிடுவார்.

நான் கேட்க மாட்டேன். கேட்க வேண்டும் என்று எழுந்திருப்பேன். அவர் எதையாவது எழுதிக்கொண்டிருப்பார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் காலனியில் ரேடியோ வைத்திருந்த எல்லா வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. பேட்டரிக் கட்டை சோர்ந்தால் தூக்கி எறிய மாட்டோம். கைப்பிடிச் சுவரில் வரிசையாக வெயிலில் வைப்போம். மத்தியானம் எடுத்துப் போட்டால் ரேடியோ இன்னும் இரண்டு நாள் பாடும். நான் பெட்டியில் இருந்த மூன்றையும் எடுத்து, கடையின் பின்பக்கத்துச் சுவரில் வைத்துவிட்டேன். மாசி கடைசி, காலை பத்து மணிக்கே சுவர் சுட்டது. திரும்ப எடுத்து மீட்டரில் வைத்தால் புதிது மாதிரி காட்டியது. இரண்டு மூன்று கார்டு அப்படியே மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. ஆப்பா பார்த்தாள், சிரித்தாள். அவளுக்கும் அது தப்பு என்று தெரியாது.

அப்புறம் ஒரு நாள் ஜீடிமெட்லாவில் இருந்து ஒருவர் கார்டு எடுத்து வந்தார். மருந்து ஃபாக்டரி. டிரையரில் இருந்து கழற்றியது. மருந்துத்தூளைத் தட்டுத் தட்டாக வைத்து உலர்த்துகிற மிஷின் அது. வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஸார் கார்டை என் மேஜையில் வைத்து, இதில் இருக்கிற கணக்கைப் போட்ட இன்ஜினியர் வெளிநாடு போய்விட்டார், கவனமாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, சனத்நகரில் வேறொரு வேலைக்குப் போனார்.

கிளிப் போட்டேன். மீட்டர் நன்றாகவே காட்டியது. அயர்னை எடுத்தேன். பழைய பேட்டரியில் உப்புப் பூத்து, ஈயத்தோடு ஈயமாகக் கெட்டித்துப் போயிருந்தது. ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வரவில்லை. அயர்னை வைத்து, எடுத்து, ஸ்பிரிட் தடவி, மறுபடியும் வைத்து, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. ஒருவழியாகக் கழன்று வந்தது. நிமிர்ந்து மீட்டரைப் பார்த்தேன்.

நான்குக்கு மேல் இருந்தது இரண்டுக்கு வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. ஒன்று எட்டு. ஒன்று ஐந்து. பெட்டியைத் தொட்டால் ஒரு பேட்டரி பிசுபிசு என்று வியர்த்திருந்தது. புதிய பேட்டரியை எடுத்து வைத்து அவசரமாக ஈயம் போட்டேன். கார்டைச் சோதித்துப் பார்க்கிற டெஸ்டரில் மாட்டினேன். அதன் சின்னக் கண்ணாடியில் நான்கு சைபர், அணைந்து அணைந்து எரிந்தது. கடிகாரம் நின்று, கணக்கும் போய்விட்டது.

முதலில் ஆப்பா பார்க்கிறாளா என்று பார்த்தேன். அவள் பூதக்கண்ணாடிக்குள் குனிந்திருந்தாள். வந்தவர் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

டெஸ்டரில் இரண்டு பொத்தான் உண்டு. கடிகாரம் நின்றுபோய் வருகிற கார்டுக்கு நேரம் வைக்க ஸார் சொல்லிக்கொடுத்திருந்தார். சுவரைப் பார்த்து மணி வைத்தேன். நிமிஷம் வைத்தேன். காலண்டரைப் பார்த்துத் தேதி வைத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கடிகாரம் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓட ஆரம்பித்தது.

ஸார் மத்தியானம் வந்தார். எங்கள் கடையில் சோதனை ஒன்றே ஒன்றுதான். கார்டை டெஸ்டரில் மாட்டி, அதில் இருக்கிற நேரத்தையும் தன் கைக்கடிகாரத்தில் இருக்கிற நேரத்தையும் பார்ப்பார். கடிகாரம் நிற்கவில்லை என்றால் மற்ற கணக்கும் பத்திரம். "டைம் கரெக்டா இருக்கே" என்று சீட்டில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கார்டில் உண்மை பேசுகிறது அது ஒன்றுதான். அதன் வாயையும் நான் அடைத்துவிட்டேன்.

டீ வந்தது. வந்தவர் டீயைக் குடித்துக்கொண்டே ஸாரிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். இதற்கு முன்னால் தான் வேலை பார்த்த இடத்தில் ஒரு டிரையர் சூடு மீறிப் போய்விட்டது என்றார். தூளில் ஸ்பிரிட் ஈரம் இருந்து தீப்பிடித்ததாம். கதவைத் திறந்த பெண்ணுக்கு முகத்தில் தோலே இல்லாமல் போயிற்றாம். அதிலிருந்து கார்டு விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை, நானே கொண்டு வந்து நானே கொண்டு போவேன் என்றார். இப்போது இருக்கிற ஃபாக்டரியில் மூன்று பெண்கள் தட்டு ஏற்றுகிறார்கள், காலையில் இருந்து சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், போனதும் மாட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

நான் அவருக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். டீ கிளாஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அவர் கார்டைத் துணியில் சுற்றி, பையில் போட்டு, ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு போனார். ஸார் சாப்பிட வீட்டுக்குப் போனார்.

அடுத்த கார்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் எது சிவப்பு எது கறுப்பு என்றே தெரியவில்லை. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். சொன்னால் வேலை போய்விடும். பட்டறை மூடின பிறகு வீட்டில் அடுப்பு எரிவது என் வேலையால்தான். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலேயே போகலாம். அப்படித்தான் மனசு சொன்னது. ஆனால் அந்த மூன்று பெண்களை நான் பார்த்தது இல்லை அல்லவா, அதனால் மனசு அதுவாகவே அவர்களுக்கு முகம் வைத்தது. எங்கள் சந்தில் குழாயடிக்கு வருகிற பெண்களின் முகம். அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை.

ஆப்பாவின் மேஜை அருகே போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "க்யா ஹுவா? கைக்கு டர்ரீ?" என்றாள். என்ன ஆச்சு, ஏன் பயப்படுகிறாய் என்று. எனக்குத் தெரிந்த பாதி உருதிலும் பாதித் தெலுங்கிலும் சொன்னேன். சைபர் எரிந்தது, நேரம் நான் வைத்தது, எல்லாம்.

அவள் அயர்னை ஸ்டாண்டில் வைத்தாள். பிறகு எழுந்து ஸார் மேஜைக்குப் போய், ஸாருடைய மொபைலுக்கு போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. சீட்டில் எழுதியிருந்த ஃபாக்டரி நம்பரைத் தேடிப் போட்டாள். யாரோ எடுத்தார்கள். நாச்சாரம் கார்டு கடை என்றாள், இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள், ரிசீவரை என் பக்கம் நீட்டினாள்.

நான் பின்னால் நகர்ந்தேன். "நக்கோ ஆப்பா" என்றேன். வேண்டாம் என்று.

என்ன நடந்தது என்று கேட்கிறார்கள், எனக்கு என்ன தெரியும், பார்த்தவள் நீ, என்றாள். என் கையைப் பிடித்து ரிசீவரை வைத்து அழுத்தி, "தூச் போல்" என்றாள். நீயே பேசு.

அதுவரை நான் போனில் பேசினதெல்லாம் என் தங்கையிடம் மட்டும்தான். காதில் வைத்தேன். "எவரு மாட்லாடேதி?" என்று ஒரு ஆண் குரல். யார் பேசுவது? என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. "கார்டு பெட்டகண்டி" என்றேன். கார்டைப் போடாதீர்கள். அவர் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். வாட்ச்மேனாம். மறுபடியும் சொன்னேன். எந்தக் கார்டு, எந்த செக்ஷன் என்றார். "டிரையர். டிரையர் ஆன் சேயகண்டி" என்றேன். டிரையரை ஆன் பண்ணாதீர்கள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன், அழுகை வந்தால் பேச்சு நின்றுவிடும் என்று. இருங்கள் என்று சொல்லிவிட்டு ரிசீவரை மேஜையில் வைத்தார். செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று.

பிறகு ஒன்றுமே இல்லை. தூரத்தில் ஏதோ மிஷின் ஓடுகிற இரைச்சல். அது எந்த மிஷின் என்று எனக்கு எப்படித் தெரியும். ஆப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று அது நின்றது. நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

காலையில் வந்த அதே ஆள் மூச்சு வாங்க லைனில் வந்தார். மாட்டி, சுவிட்ச் போட்டு, வெறும் மிஷின் சூடாகிக்கொண்டிருந்ததாம். தட்டு இன்னும் ஏற்றவில்லை. வாட்ச்மேன் வந்து சொன்னதும் அணைத்துவிட்டேன், பெண்கள் முதல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. உங்கள் ஸாரைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

ஸார் வந்ததும் நானே போய் நின்றேன். போனில் பேசின பிறகு நேரில் பேசுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பெட்டியில் இருந்து மூன்று பேட்டரியையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வெயிலில் வைத்ததைச் சொன்னேன். அவர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். காய்ந்த பேட்டரி சும்மா இருக்கும்போது பலம் இருக்கிற மாதிரிதான் காட்டும், வேலை கொடுத்தால் உட்கார்ந்துவிடும் என்றார். அந்த உப்பு வேறு கரண்டை உறிஞ்சியிருக்கும் என்றார். பிறகு, "மேஜை இழுப்பறை நிறைய செல் கிடக்கே அம்மா. ஏன் கேட்கலை?" என்றார்.

"பயமா இருந்துச்சு ஸார்."

"எதுக்கு? என்னைப் பார்த்தா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேரத்தை நீங்களே வைத்தீர்களே, அதுக்கும் பயம்தானா என்று கேட்டார். அதற்கும் தலையை ஆட்டினேன். நாளைக்குக் காலையில் ஜீடிமெட்லா வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

சாயந்திரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "போன்ல நீயா பேசின?" என்பதுதான். பிறகுதான் ஜீடிமெட்லாவுக்கு எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்தார். ஃபாக்டரிக்காரர்கள் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள் என்றார். போலீஸும் இருக்குமோ என்று நான் கேட்டேன். அவர் எழுந்து கையைக் கழுவப் போனார். நானும் என் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

காலையில் இரண்டு பஸ் மாறிப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போகிற வழியெல்லாம் மருந்து நெடி, மூக்கில் ஏறி நெற்றியைப் பிடித்தது. தலைக்கு ஒரு குல்லாய், வாய்க்கு ஒரு துணி கொடுத்தார்கள். டிரையர் ஒரு ரூம் அளவுக்கு இருந்தது. கதவில் சக்கரம் மாதிரி ஒரு கைப்பிடி. பெஞ்சில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குல்லாயும் துணியும் போக, கண் மட்டும்தான் தெரிந்தது. அதில் ஒருத்தி, "நுவ்வேனா போன் சேசிந்தி?" என்றாள். நீதானா போன் செய்தது? தலையை ஆட்டினேன். அவள் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அந்த இடத்தில் உட்கார எனக்கு ஆகவில்லை, நின்றுகொண்டே இருந்தேன்.

போலீஸ் இல்லை. எழுதி வாங்கவும் இல்லை. ஸார் தரையில் உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் பழைய காகிதக் கட்டு. ஒவ்வொரு முறை தூள் உலர்த்தும்போதும் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று ஃபாக்டரியில் எழுதி வைப்பார்களாம். அதைப் பார்த்துப் பார்த்து ஸார் மிஷினுக்கு மறுபடியும் சொல்லிக்கொடுத்தார். என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, போடுகிற ஒவ்வொரு எண்ணையும் எழுதுங்கள், இனிமேல் ஞாபகம் பேட்டரியில் மட்டும் இருக்க வேண்டாம் என்றார். என் எழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து. ஒன்று எழுதி, அவரிடம் காட்டி, அடுத்ததை எழுதினேன். கை ஆடியது. அயர்ன் பிடிக்கும்போது ஆடாத கை.

இரண்டு தடவை வெறும் மிஷினை ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு மேல் தட்டு ஏற்றினார்கள். வெள்ளைத் தூள், ஈரமாக, இட்லி மாவு மாதிரி. மூன்று பெண்களும் ஏற்றி முடித்து, கைப்பிடியைச் சுற்றிக் கதவை மூடினார்கள். தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. கடைக்காரர்கள் கோட்டுக்கு வெளியே நிற்கலாம் என்று ஸார் என்னிடம் சொன்னார். அந்தப் பெண்கள் கோட்டுக்கு உள்ளே, கதவை ஒட்டி நின்றார்கள். அதுதான் அவர்கள் வேலை செய்கிற இடம்.

நான் கோட்டைத் தாண்டிப் போய் அவர்களோடு நின்றேன். தைரியத்தில் இல்லை. வெளியே நின்று பார்க்கிறது அதைவிடப் பயமாக இருந்தது.

கதவுக்கு மேலே சிவப்பாக எண் எரிந்தது. நாற்பதில் இருந்து ஏறியது. ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபதில் நிற்க வேண்டும், அதை நான்தான் நோட்டில் எழுதியிருந்தேன். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபது. அறுபத்தொன்று என்று காட்டியபோது பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துவிட்டேன். அவள் கையும் ஜில்லென்றுதான் இருந்தது. எண் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அறுபதுக்கு இறங்கி, அங்கேயே இருந்தது. அவள் முதல் ஆளாக மூச்சு விட்டாள். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்கள் கதவைத் திறந்து மூன்று பேரும் முழுசாகத் திரும்பி வருகிற வரைக்கும்.